தெருவோரம் உட்கார்ந்த ஓட்டக்காரி

என் ராத்தாவைப் போலத் தெருவோரத்தில் உட்காரத் தெரிந்த மனுசியை நான் இன்னும் காணவில்லை. ஓடிக்கொண்டே வருவாள். திடீரென்று ஒரு மதகுக் கட்டைக் கண்டதும், வீட்டுக் கதிரையில் இருப்பதுபோல அதில் போய் இருப்பாள். இடது காலைக் கழற்றுவாள். கழற்றிய காலைக் கவிழ்த்து, உள்ளே தேங்கிய வியர்வையை மண்ணில் ஊற்றுவாள். வெயில் கடுமையான நாளில் அரைக் கோப்பைக்கு வரும். முழங்காலுக்குக் கீழே மிஞ்சியிருந்த ஒரு சாண் காலைத் துணியால் ஒற்றி, விரலால் அங்குமிங்கும் அமத்திப் பார்த்து, கொஞ்சம் காற்றுப் பட விடுவாள். பிறகு அதற்குப் போடும் காலுறையை, எங்கள் பேச்சில் மேஸை, மாற்றி, காலை மாட்டி, எழும்பி ஓடத் தொடங்குவாள். இவ்வளவு நேரமும் எதிர்ப்பக்கத்து வெங்காயப் பாத்தியைப் பார்த்தபடிதான் இருப்பாள். பார்க்கிற எனக்குத்தான் பதற்றம்.

அவள் என் பெரியும்மாவின் மகள். பெயர் ஒன்று இருக்கிறது, ஆனால் எங்கள் ஊர் எத்தாளையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. என்னை விட எட்டு வயது மூத்தவள் என்பதால் நான் ராத்தா என்றேன். நான் கூப்பிட்டதைக் கேட்டு ஊரே ராத்தா என்றது. அவளை விட வயதில் மூத்த மீன் வியாபாரிகூட "ராத்தா, ஒதுங்குங்க, சைக்கிள் வருது" என்பார்.

மிஞ்சிய அந்த ஒரு சாண் காலுக்கு அவள் 'குட்டி' என்று பெயர் வைத்திருந்தாள். குட்டிக்கு இன்றைக்குக் கோபம், குட்டி மெலிந்துபோச்சு, குட்டிக்கு இன்னொரு மேஸ் கொடு என்று சாதாரணமாகச் சொல்வாள். புதிதாகக் கேட்பவர்கள் வீட்டில் பிள்ளை இருக்கிறதாக்கும் என்று நினைப்பார்கள். குட்டி மெலிவது கதையல்ல, உண்மை. ஓட ஓட அந்தச் சதை சுருங்கும். காலின் குழிக்குள் அது லொடலொடக்கத் தொடங்கினால், ஒரு கிலோமீற்றருக்குள் தோல் கிழிந்துவிடும். அதனால் சுருங்கச் சுருங்க ஒன்றின்மேல் ஒன்றாக மேஸ் போட வேண்டும். மெல்லியது, நடுத்தரம், தடிப்பு என்று மூன்று வகை. எந்த நேரம் எது என்பதை அவள் காதால் கேட்டுக் கண்டுபிடிப்பாள். சத்தம் மாறுதாம். எனக்கு ஒரு நாளும் ஒரு சத்தமும் மாறிக் கேட்டதில்லை.

கால் போன கதையை அவளாகச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது நடந்தது. வெங்காயம் ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டி மணலில் சரிந்து, மேலே இருந்த ஆறு பெண்களில் இவள் மட்டும் அடியில் போய்விட்டாள். மன்னாரிலிருந்து எல்லாம் விட்டுவிட்டு வந்த குடும்பம், பிள்ளையின் காலையும் இங்கே விட வேண்டியிருந்ததே என்று பெரியும்மா இன்றைக்கும் சொல்லிச் சொல்லி அழுவார். ராத்தா அழுதவள் அல்ல. ஆஸ்பத்திரியில் என்னைக் கண்டவுடன், "நீ என்ட ரெண்டு செருப்பையும் போட்டுக்க, எனக்கு இனி சோடி வேணாம்" என்றாள். நான் அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். எவ்வளவு மோசமான சிறுமி நான் என்று இப்போது வெட்கமாக இருக்கிறது.

நோர்வேயில் இருந்த அவளுடைய அண்ணன், எங்கள் நானா, அவளை அங்கே கூப்பிட்டுக்கொண்டார். முதல் பனிக்காலம் முழுக்க ஜன்னலுக்குப் பக்கத்திலேயே இருந்தாளாம். பழைய செயற்கைக் காலோடு உறைபனியில் நாலு அடி வைத்தால் நாலு தடவை விழ வேண்டும். கால் செய்து கொடுத்த இடத்தில் ஒரு வயதான பெண், இவளை இழுத்துப் போய் இரண்டு நீளப் பலகைகளில் நிறுத்தி, இரண்டு கோல்களைக் கையில் கொடுத்துவிட்டாள். சுற்றிப் பார்த்தால் இரண்டு காலும் உள்ளவர்கள் தொப்புத் தொப்பென்று விழுந்துகொண்டிருக்கிறார்கள். "அங்க எல்லாரும் நொண்டிதான்டி," என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "எனக்கு மட்டும்தான் அதுல முன்பழக்கம்."

அப்படித்தான் பனிச்சறுக்கு ஓட்டக்காரி ஆனாள். மலையிலிருந்து பாய்வது அல்ல, பலகையைத் தள்ளித் தள்ளி நெடுந்தூரம் போவது. கோடையில் பனி இல்லாத மாதங்களில் உடம்பு இறுகிப்போகக் கூடாது என்று ஓடத் தொடங்கி, அதிலும் பைத்தியம் பிடித்து, பத்து, இருபது, நாற்பது கிலோமீற்றர் என்று ஏறிக்கொண்டே போனாள். அவள் பனியில் போகிற வீடியோவைப் பெரியும்மாவுக்குக் காட்டியபோது, பெரியும்மா போனைத் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது பாலாவி உப்பளமா?" என்று கேட்டார். இல்லை, பனி என்றதும், "இவ்வளவு கிடந்தும் ஒருத்தரும் அள்ளல்லியே" என்று கவலைப்பட்டார்.

பனியிலும் அவள் உட்காருகிறவள்தான். ஒரு போட்டியில் பெரிய இறக்கத்துக்கு மேலே வந்ததும், செயற்கைக் கால் லேசாக ஆடுவதை உணர்ந்து, அப்படியே ஓரமாகப் பனியில் உட்கார்ந்து காலைக் கழற்றி மேஸ் மாற்றியிருக்கிறாள். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் கடந்து போய்விட்டார்கள். கடைசிக்கு முந்தினவளாக வந்தாள். அடுத்த வருடமும் அதே இறக்கம், அதே இடத்தில் உட்கார்ந்தாள். அந்த முறை பனி இறுகி வழுக்கலாகிக் கிடந்ததால், கடந்து போனவர்களில் பாதிப் பேர் கீழே உருண்டு கிடந்தார்கள். அவர்களைச் சுற்றிப் போய் மூன்றாவதாக வந்து பதக்கம் வாங்கினாள். அதைப் பற்றிக் கேட்டால் பெருமை பேச மாட்டாள். விழுகிறதுக்கு முந்தி நாமாகவே உட்கார்ந்துவிட்டால் எழும்புகிறது லேசு, அவ்வளவுதான் என்பாள்.

வருடத்துக்கு ஒரு முறை, அங்கே கோடை முடிகிற நேரம், எத்தாளைக்கு வருவாள். வந்தால் எனக்கு நித்திரை போய்விடும். விடியற்காலை சுபஹுத் தொழுத கையோடு கதவைத் தட்டுவாள். நான் தைக்கிறவள், இராத்திரி முழுக்கக் கல்யாணச் சட்டைக்கு மணி பிடித்துவிட்டுப் படுத்திருப்பேன், அதெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, மேஸ் பையும் தண்ணீரும் துணியும் சுமந்து பின்னால் போக வேண்டும். சில நாள் சக்கரம் பூட்டிய குட்டைப் பலகைகளில் ஏறி, இரண்டு கோல்களால் தார் ரோட்டைத் தள்ளித் தள்ளிப் போவாள். கரைவலை இழுக்கப் போகிற ஒருவர் அதைப் பார்த்து, "தோணி எங்க புள்ள, கோல மட்டும் கொண்டு வந்திருக்கீங்க?" என்று கேட்டார். அவள் நின்று, தோணி பின்னால் வருகிறது என்று என் ஸ்கூட்டியைக் காட்டினாள். என் உடம்பு அப்படி.

மேஸ் பை ஒரு சாக்குத்தான். என் உண்மையான வேலை ஆட்களைத் துரத்துவது. எங்கள் பக்கத்தில் ஒருவர் தெருவோரம் உட்கார்ந்திருந்தால் கேட்காமல் போகிற வழக்கம் இல்லை. லொறி நிற்கும். மோட்டார் சைக்கிள் திரும்பி வரும். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து செவ்விளநீர் வெட்டிக்கொண்டு ஆள் ஓடி வரும். காலைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பெண் இருந்தால் சொல்லவா வேண்டும்? ஆண்கள் கிட்ட வரக் கூச்சப்பட்டு, பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிடுவார்கள். பெண்கள் வந்தால் விசாரணை தொடங்கும். ராத்தாவுக்கு யாரையும் முகத்துக்கு நேரே போங்கள் என்று சொல்ல வராது. அதனால் நான் முன்னுக்கு நின்று, "ஒண்டுமில்ல, மேஸ் மாத்துறா, நீங்க போங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். இரக்கத்தைத் துரத்துகிற உத்தியோகம்.

கடைசியாக அவள் வந்த வருடம், கற்பிட்டி இளைஞர்கள் சிலர் சேர்ந்து ஒரு ஓட்டப் போட்டி வைத்தார்கள். நுரைச்சோலைச் சந்தியில் தொடங்கிக் கற்பிட்டிக் கோட்டை வாசலில் முடியும். பத்து மணிக்கு முந்தி வந்து சேர்கிற எல்லாருடைய பெயரும் ஒரு பட்டியலில் ஏறும். பத்துக்குப் பிறகு வந்தால் இல்லை. ராத்தாவை மேடையில் விசேட அதிதியாக இருக்கச் சொல்லி, தைரியத்துக்கென்று ஒரு கேடயமும் செய்துவிட்டார்கள். அவள் அந்தப் பிள்ளைகளிடம், தனக்கு மேடை வேண்டாம், ஒரு நம்பர் போதும் என்றாள். இருபது வருடமாகத் தனிப் பிரிவு, தனிப் பட்டியல், தனிப் பதக்கம். ஒரு முறை சொந்த ரோட்டில் எல்லாரோடும் ஒரே பட்டியலில், எத்தனையாவதாக இருந்தாலும் பரவாயில்லை, பெயர் வர வேண்டும் என்பது அவள் ஆசை.

அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. எனக்கு மட்டும் சொன்னாள். குட்டிக்குள் எலும்பு கெட்டுக்கொண்டு வருகிறது. அடுத்த மாதம் முழங்காலுக்கு மேலே எடுக்கப் போகிறார்கள். எப்படியும் எடுக்கப் போகிற கால், ஆசை தீர ஓடிவிட்டு வா என்று அந்த ஊர் டொக்டர் அனுப்பியிருக்கிறார். முழங்கால் போனாலும் நடக்கலாம், பனியில் உட்கார்ந்தபடி போகிற வண்டியில் போகலாம், ஆனால் இந்த நெடுந்தூர ஓட்டம் இல்லை. "இது குட்டிட கடைசி ஓட்டம். உம்மாக்குச் சொல்லாத," என்றாள். நான் அழப் போனேன். அதற்குள் நாளைக்கு எத்தனை மெல்லிய மேஸ், எத்தனை தடிப்பு மேஸ் என்று எண்ணச் சொல்லிவிட்டாள்.

போட்டி நாள் எத்தாளை வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. இரண்டு தடவை உட்கார்ந்தாள், இரண்டு தடவை வியர்வை ஊற்றினாள், ஆட்களைத் துரத்தினேன். மூன்றாவது நிறுத்தம் எத்தாளை தாண்டி அடுத்த மதகு என்று பேசியிருந்தோம். நான் விடிய முந்தி எழும்பியவள், வயிற்றில் ஒன்றுமில்லை. எத்தாளைப் பேக்கரியில் அப்போதுதான் சூடாகப் பணிஸ் ரொட்டி இறக்கினார்கள். மதகுக்கு அவள் போய்ச் சேர இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது, ஒரு பிளேன்டீயும் ஒரு சீனிப் பணிஸும் எவ்வளவு நேரம் என்று ஸ்கூட்டியை ஓரங்கட்டினேன். ஒரு பணிஸ் இரண்டானது.

அன்றைக்குப் பார்த்துக் குட்டி முன்னதாகவே மெலிந்துவிட்டது. மதகு வருவதற்கு முந்தியே சத்தம் மாறி, ராத்தா ஒரு வெங்காயத் தோட்டத்து வரம்பில் இருந்துவிட்டாள். காலைக் கழற்றிவிட்டாள். மேஸ் பை என்னிடம். நானோ பேக்கரியில்.

நான் வாயைத் துடைத்துக்கொண்டு புறப்பட்டுப் போனால், ரோட்டில் எனக்கு முன்னால் ஒரு பெண், சால்வையில் எதையோ பிள்ளையைப் போலச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கற்பிட்டிப் பக்கம் பார்த்து மூச்சிரைக்க ஓடுகிறாள். சால்வைக்கு வெளியே அரிவாள்போல வளைந்த கறுப்புத் தகடு நீட்டிக்கொண்டிருந்தது. அது ராத்தாவின் கால்.

அந்தப் பெண் சொன்னதில் பாதிதான் விளங்கியது. களை பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள், ஒரு பெண் கால் கழன்று வரம்பில் கிடக்கிறாள் என்று ஓடியிருக்கிறார்கள். தான் ஓட்டப் போட்டியில் இருப்பதாக ராத்தா சொன்னாளாம். ஒற்றைக் காலோடு ஓட்டப் போட்டியா, வெயில் தலைக்கு ஏறிவிட்டது, பிதற்றுகிறாள் என்று முடிவு கட்டி, ஐந்து பேர் அவளை அலாக்காகத் தூக்கி, வெங்காயம் ஏற்றிக்கொண்டு போன லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் வைத்துக் கற்பிட்டி ஆஸ்பத்திரிக்கு விரட்டிவிட்டார்கள். வண்டி புறப்பட்ட பிறகுதான் கால் வரம்பிலேயே கிடப்பதைக் கண்டிருக்கிறார்கள். கால் இல்லாமல் ராத்தா எப்படிப் பெட்டியிலிருந்து இறங்குவாள்?

அந்தப் பெண்ணையும் காலையும் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டியை முறுக்கினேன். இரண்டு கிலோமீற்றருக்குக் கிட்டப் போய்த்தான் லேண்ட்மாஸ்டரைப் பிடித்தேன். வெங்காய மூட்டைகளுக்கு நடுவே ராத்தா நேராக இருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வயதான அம்மா ஓதிக்கொண்டிருந்தார். எங்கே போனாய் என்று ராத்தா கேட்டாள். ஸ்கூட்டி டயர் காற்றுப் போய்விட்டது என்றேன். அவள் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு தடிப்பு மேஸைக் கேட்டு வாங்கி, அங்கேயே மூட்டைமேல் இருந்தபடி போட்டு, காலை மாட்டினாள்.

நேரத்தைப் பார்த்தேன். அந்த இடத்திலிருந்தே ஓடினால் பத்து மணிக்குள் கோட்டைக்குப் போய்விடலாம். ஒருத்தரும் காணவில்லை, இறங்கி ஓடுங்கள் என்று கெஞ்சினேன். அந்த லேண்ட்மாஸ்டர்காரரும், இவ்வளவு தூரம் ஓடின ஆள், இந்தத் துண்டுக்கு மட்டும் நம்மட வண்டி வந்தது பெரிய குற்றமா என்று என் பக்கம் பேசினார்.

"இந்த ரெண்டு கிலோமீற்றரும் நான் ஓடல்லியே," என்றாள் ராத்தா. "என்னத் தூக்கின எடத்துல கொண்டுபோய் விடு."

கொண்டுபோய் விட்டேன். அந்த அம்மாவையும் காலைக் கொண்டு வந்த பெண்ணையும் ஏற்றிக்கொண்டு லேண்ட்மாஸ்டரும் பின்னால் திரும்பி வந்தது. வரம்பில் அவள் இருந்த தடம், பிடுங்கிப் போட்ட களை, எல்லாம் அப்படியே கிடந்தன. மற்றப் பெண்கள் விசயம் தெரிந்து முகம் கறுத்து நின்றார்கள். நாங்க என்னத்தக் கண்டோம் மகள், மன்னிச்சுக்க என்று அந்த வயதான அம்மா சொன்னார். ராத்தா அவர் கன்னத்தைத் தடவி, நீங்க தூக்கினது சரியான தூக்கு, ஒரு இடமும் நோகவில்லை என்று சொல்லிவிட்டு, தன் தடத்தில் நின்று, அங்கிருந்து ஓடத் தொடங்கினாள். பட்டியல் போய்விட்டது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் ஓடினாள். நான் மேஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன்.

கோட்டைக்கு வந்தபோது பத்தரை தாண்டிவிட்டது. பதாகையைச் சுருட்டிவிட்டார்கள். கதிரைகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ராத்தா அந்த லொறியைச் சுற்றிப் போய், கோட்டைச் சுவரைக் கையால் தொட்டுவிட்டு நின்றாள். நேரம் குறித்த ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் மட்டும் தன் மேசையை விட்டு எழும்பவில்லை. அவர் பேனையை எடுத்து, ஒன்பது ஐம்பத்தெட்டு என்று போடட்டுமா மகள் என்று மெதுவாகக் கேட்டார். தன்னை வண்டியில் ஏற்றினார்கள் என்றும் தன் நம்பரை வெட்டிவிடும்படியும் ராத்தா சொன்னாள். அவர் வெட்டினார். கேடயத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த பிள்ளைகளிடம், அதை முதலாவதாக வந்தவனுக்கே சேர்த்துக் கொடுங்கள் என்று சொல்லிச் சிரித்தாள். மேஸைக் கழற்றியபோது கடைசி மேஸ் முழுக்க இரத்தம்.

அடுத்த மாதம் நோர்வேயில் குட்டியை எடுத்தார்கள். முழங்காலையும் சேர்த்து. மூன்றாம் நாள் போன் எடுத்தாள். குரல் தெளிவாக இருந்தது. பெரியும்மாவைப் பற்றி, தையலைப் பற்றி, இங்கே மழையைப் பற்றியெல்லாம் கேட்டாள். எனக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"ராத்தா, அண்டைக்கு டயர் காத்துப் போகல்ல. நான் பேக்கரியில இருந்த."

"தெரியும்," என்றாள். "ஒன்ட மோவாயில சீனி ஒட்டியிருந்திச்சி."

"பின்ன ஏன் ஒரு சொல்லும் சொல்லல்ல?"

"ஏசினா மூச்சு வாங்கும். எனக்கு இன்னும் ஓட இருந்திச்சி," என்றாள். "இனி ஓட்டம் இல்ல. இப்ப ஏசுறன், கேட்டுக்கிட்டு இரி."

ஏசினாள். முக்கால் மணித்தியாலம் ஏசினாள். மோடச்சி என்றாள், வவுத்துக்குப் பொறந்தவள் என்றாள், பத்து நிமிசம் பசி தாங்காத உடம்பு என்றாள். எனக்கு ஒன்பது வயதில் நடந்தது, பத்து வயதில் நடந்தது எல்லாவற்றையும் கொண்டுவந்தாள். நடுவில் ஒரு தாதி வந்து அந்த ஊர்ப் பாஷையில் ஏதோ சொன்னது கேட்டது. அவளையும் இருக்கச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள். என் ராத்தா வாழ்நாளில் எவரையும் அப்படி ஏசி நான் கேட்டதில்லை. நான் தையல் மெஷினில் தலையை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில், "குட்டிட கடைசி ஓட்டம்டி அது, நீ பணிஸ் திண்டாய்," என்றாள். அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. கால் போன நாளிலிருந்து கேட்காத அழுகையை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"ஓம் ராத்தா," என்றேன்.